பச்சைத் தகட்டின் பின்பக்கம்

1. ஏணி

மகரந்தம் எண்ணும் வேலைக்கு என்னை மாற்றியபோது, அது ஏணி ஏறும் வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்கு முன் பல வருடம் ஆஸ்பத்திரி லாப்பில் இரத்தமும் சளியும் பார்த்தவள் நான். இதுவும் கதிரையில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற வேலைதானே, இரத்தத்துக்குப் பதிலாகப் பூந்தூள், அவ்வளவுதான் என்று நினைத்து நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு முதல் நாள் போனேன்.

அந்த அரசாங்கக் கந்தோரில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வணக்கம் சொன்ன கையோடு, "மிஸிஸ் தவமணி, மெஷின் மேல இருக்குது, போய்ப் பாத்துட்டு வாங்கோ" என்றார். மேல என்றால் மேல்மாடி என்று நினைத்தேன். படியெல்லாம் ஏறி முடிந்த பிறகு சுவரில் அறைந்த இரும்பேணி ஒன்று நின்றது. அதற்கு மேல்தான் மொட்டைமாடி.

ஏணியடியில் காவலுக்கு இருந்த வாச்சர் சலீம் காக்கா நின்றார்; முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் சேலையையும் ஏணியையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டதும் விளங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி முகத்தைத் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பயப்படாம ஏறுங்க மிஸ். நான் கப்பல் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறன்."

நான் ஏறி முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை. இறங்கி வந்ததும், "சீமெந்துக் கப்பல் ஒண்டு உள்ளுக்கு வருகுது" என்று செய்தி சொன்னார். அடுத்த நாளிலிருந்து நான் சல்வார் போட்டுக்கொண்டு போனேன். ஆனாலும் காக்கா ஏணியைப் பிடிப்பதையும் கப்பல் பார்ப்பதையும் விடவில்லை. "இண்டைக்கு என்ன கப்பல் காக்கா?" என்று கேட்டுக்கொண்டு இறங்குவது என் காலை வழக்கமாகிவிட்டது.

2. சேவல்

மேலே இருந்த மெஷினைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல ஏலாது. மார்பளவு உயரம். உள்ளே ஒரு சிறிய மோட்டர் இருந்து, ஒரு கீறல் போன்ற துவாரம் வழியாகக் காற்றை இழுக்கும். பின்னால் தகரத்தில் ஒரு வால். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்த வால் தள்ள, துவாரம் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். காக்கா அதற்குச் சேவல் என்று பெயர் வைத்திருந்தார். நாங்களும் பிறகு அப்படியே சொல்லத் தொடங்கினோம்.

துவாரத்துக்குப் பின்னால் பசை பூசிய கண்ணாடிச் சிலைட் ஒன்று இருக்கும். ஒரு மணிக்கூடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். ஒவ்வொரு மணித்தியாலக் காற்றும் சிலைட்டில் தனக்கென்று ஒரு பட்டையில் ஒட்டிக்கொள்ளும். காலையில் நான் ஏறிப் பழைய சிலைட்டை எடுத்துப் புதியதைப் போட்டு, மணிக்கூட்டைச் சாவியால் முறுக்கிவிட்டு இறங்குவேன். கீழே வந்து சாயம் போட்டால் மகரந்தம் எல்லாம் ரோசா நிறமாகத் தெரியும். எண்ணி, ஒரு நாளைக்கு மோட்டர் இழுக்கிற காற்றின் அளவால் பிரித்தால் அன்றைய கணக்கு வந்துவிடும்.

ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றை இழுக்கும் மோட்டர் கரண்டில் ஓடுவது. சிலைட்டை நகர்த்தும் மணிக்கூடு கையால் முறுக்கிவிடுவது. கரண்ட் நின்றால் மோட்டர் நிற்கும். மணிக்கூடு நிற்காது.

கணக்கைப் பார்த்து ஒரு நிறம் முடிவு செய்வோம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று தகரத் தகடுகள் இருந்தன. கேற்றடியில் ஒரு போர்ட். தொய்வு, முட்டு என்கிற ஆஸ்துமா வருத்தம் உள்ளவர்கள் பார்த்து நடந்துகொள்வதற்காக அந்தந்த நாளுக்குரிய தகட்டை அதில் மாட்ட வேண்டும். தகட்டை நான் காக்காவின் கையில் கொடுப்பேன். அவர் கொண்டுபோய் மாட்டுவார். அவருக்கும் தொய்வு இருந்தது. சின்ன வயதிலிருந்தே. போர்டை அவரைவிடக் கவனமாகப் பார்த்த ஆள் திருகோணமலையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு மூன்று வருடம் எண்ணினால் ஊரின் காற்று பிடிபட்டுவிடும். வாடைக்காற்று கடலிலிருந்து வரும் மாதங்களில் சிலைட்டில் உப்புத்தான் அதிகம். மாரி மழை விட்டு வாடை தளர்ந்ததும் வரம்பு, வாய்க்கால், வெறுங்காணி என்று எல்லா இடத்திலும் புல் பூக்கும். கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து வயல்களையும் தாண்டிவரும் தரைக்காற்று விடியப்புறம் தொடங்கி முற்பகல்வரை வீசும். எங்கள் சிலைட்டில் புல் மகரந்தம் நிறைவது அந்த மணித்தியாலங்களில்தான். மத்தியானம் கடற்காற்று எழும்பினால் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் வேறு கதை, புழுதியும் பனையும். கடற்கரைச் சவுக்கு தனக்கு நினைத்த நேரத்தில் தூவும்.

ஆகவே புல் பூக்கும் மாதங்களில் எங்களுக்கு வேண்டியது காலை நேரம். காலையைத் தவறவிட்டால் அந்த நாளையே தவறவிட்ட கணக்கு.

3. நிலாவெளி ஹோட்டல்காரர்

சேரைப் பற்றி நான் கசப்பாகத்தான் எழுதப் போகிறேன். அதனால் அவரைப் பற்றிய நல்லது ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கணக்கு பத்திரிகையிலும் வரத் தொடங்கிய பிறகு, நிலாவெளியில் ஹோட்டல் வைத்திருந்த ஒருவர் பெரிய கேக் பெட்டியோடு வந்தார். அந்தக் கிழமை முழுவதும் சிவப்புத் தகடு.

"சேர், வெள்ளைக்காரர் ரெண்டு பேர் புக்கிங் கான்சல் பண்ணிப்போட்டினம். சிவப்பெண்டா ஏதோ விஷவாயு எண்டு நினைக்கினம். சீசன் முடியுமட்டும் ஒரு மஞ்சளாக்க ஏலாதோ?"

சேர் கேக் பெட்டியை அவர் பக்கமே தள்ளிவைத்தார். "காத்தில உள்ளதைத்தான் போடலாம் ஐயா. உங்களுக்காக நான் சிலைட்டில இருக்கிறதை அழிக்க ஏலாது."

"அழிக்கச் சொல்லேல்ல சேர். கொஞ்சம் குறைச்சு எண்ணுங்கோ எண்டுதான்…"

"தவமணி மிஸ் குறைச்சு எண்ண மாட்டா. நீங்க போயிட்டு வாங்கோ."

அவர் போனதும் காக்கா எட்டிப் பார்த்து, "கேக்கையாவது வெச்சிட்டுப் போகச் சொல்லியிருக்கலாமே சேர்" என்றார். சேரும் சிரித்தார். அன்று எனக்கு எங்கள் கந்தோரைப் பற்றிப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லாத ஆளின் கீழ் வேலை செய்கிறோம் என்று வீட்டிலும் சொன்னேன். பொய் சொல்லாமலே ஒருவர் தப்பாகச் சொல்ல முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

4. வெள்ளைப் பட்டை

நாடு கடனில் நொடிந்து, பெற்றோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. எங்கள் பகுதிக்கு அநேகமாகக் காலையில்தான் வெட்டு. புல் பூக்கும் மாதங்கள் வேறு.

மின்வெட்டு தொடங்கிய பிறகு வந்த முதல் சிலைட்டுக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். பின்னேரப் பட்டைகளில் வழக்கமான சில்லறை. காலைப் பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி வெள்ளையாக ஒரு பட்டை. எண்ணிப் பிரித்தால் பச்சை வந்தது. முதல் நாள்வரை மஞ்சளும் சிவப்புமாக இருந்த கணக்கு ஒரே இரவில் பச்சைக்கு இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்தவளுக்கு இது விளங்காமல் போகாது. இரத்தம் எடுக்காத போத்தலைப் பார்த்து நோய் இல்லை என்று யாரும் ரிப்போர்ட் கொடுப்பதில்லை. சிலைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சேரிடம் போனேன்.

"சேர், இது காத்து சுத்தமா இருந்ததில்ல. மோட்டர் ஓடேல்ல. மணிக்கூடு மட்டும் ஓடியிருக்குது."

"தெரியும் மிஸிஸ் தவமணி. ஆனா சிலைட்டில இருக்கிறதைத்தானே நாங்க எண்ணலாம். இல்லாததை எண்ண ஏலுமோ?"

"ஏலாது. அதால இந்த நாளை எண்ணேல்ல எண்டு எழுதுவம்."

சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எங்கள் கணக்கை அவர் வெளிநாட்டில் உள்ள ஒரு வலையமைப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பல நாடுகளிலிருந்தும் மகரந்தக் கணக்குப் போகிற இடம். அவர்களுக்கு இடைவெளி பிடிக்காது. ஒரு பருவத்தில் கொஞ்ச நாள்களுக்கு மேல் வெறுமையாக இருந்தால் அந்த வருடத்தையே ஒதுக்கிவிடுவார்கள். அந்த வருடத்தோடு ஐந்து வருடம் முடிந்து, திருகோணமலைக்கென்று ஒரு மகரந்தக் கலண்டர் அச்சிட வேண்டும் என்பது சேரின் கனவு.

"இண்டைக்கு ஒரு நாளை வெறுமையா விட்டா நாளைக்கும் விட வேணும். மின்வெட்டு எப்ப முடியுமெண்டு ஆருக்குத் தெரியும்? எல்லாத்தையும் விட்டா வருஷமே போயிடும். இத்தனை வருஷம் நீங்களும்தானே ஏணி ஏறினீங்க."

மொட்டைமாடிக்கு பற்றரி ஒன்று தரச் சொல்லிக் கேட்டேன். கூட்ட மண்டபத்தில் நல்ல இன்வேர்ட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதை மேலே ஏற்றினால் சேவலின் சின்ன மோட்டர் தாராளமாக ஓடும்.

"அது கொழும்பிலயிருந்து ஆக்கள் வந்தா வேணும்."

அந்த மாதங்களில் கொழும்பிலிருந்து ஒரு குருவியும் வரவில்லை. வர எண்ணெய் எங்கே இருந்தது? மொட்டைமாடியில் நின்றால் துறைமுகத்துக்கு அங்கால் பழைய எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். இவ்வளவு தாங்கி உள்ள ஊரில் ஒரு ஜெனரேட்டருக்கு ஊற்ற ஒரு போத்தல் டீசல் இல்லை என்று நினைத்து நினைத்து எரிச்சல்பட்டுக்கொண்டு சிலைட் மாற்றுவேன்.

5. தகட்டைத் திருப்பியது

கணக்கை உங்கள் இஷ்டத்துக்கு எழுதுங்கள், போர்டையாவது விடுங்கள் என்று ஒரு நாள் கேட்டேன். எங்கள் தகடுகளின் பின்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. வெறும் தகரம்.

"காலமை மோட்டர் ஓடாத நாள்ல தகட்டைத் திருப்பிப் போடுவம் சேர். வெறுந்தகரம் எண்டா இண்டைக்குத் தெரியாது எண்டு அர்த்தம். கீழ ஒரு வரி எழுதினாப் போதும்."

சேர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "தெரியாது எண்டு போர்ட் மாட்டுறதுக்கு ஒரு கந்தோர் எதுக்கு? சனம் சிரிக்கும். இப்பவே எங்கட பிரிவை மூடுறதுக்குக் காரணம் தேடுறாங்க."

அது பொய்யில்லை. செலவைக் குறைக்கச் சொல்லி நாளுக்கொரு சுற்றுநிருபம் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. வெளியே வந்து அன்றைய பச்சைத் தகட்டைக் காக்காவிடம் கொடுத்தேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"அல்ஹம்துலில்லாஹ். இந்தக் கிழமை முழுக்கப் பச்சை மிஸ்."

சட்டைப் பையைத் தட்டிக்காட்டினார். பிறவுண் நிற இன்ஹேலர். வருத்தம் வராமல் தடுப்பதற்காக நாளாந்தம் காலையும் இரவும் எடுப்பது. அந்த நாள்களில் கிளினிக்கிலும் இல்லை, பாமசியிலும் இல்லை.

"இதுதான் கடைசி. இனி எப்ப வருமெண்டு அவங்களுக்கே தெரியாதாம். அதால பச்சை நாளையில எடுக்கிறல்ல. மஞ்சளுக்கும் சிவப்புக்குமெண்டு மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கன். உங்கட போர்டாலதான் மிஸ் சமாளிக்கிறன்."

"காக்கா, அது அப்படி விட்டு விட்டு எடுக்கிற மருந்தில்ல. இருக்குமட்டும் ஒவ்வொரு நாளும் எடுங்கோ. முடிஞ்சா எங்கயாவது தேடுவம். அதோட இந்தப் போர்டை நம்பாதீங்கோ. காலமை கரண்ட் இல்லாட்டி எங்களுக்கு ஒண்டும் தெரியாது. இது பச்சை இல்ல."

அவர் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையில பச்சையத் தந்துட்டு வாயால வேற சொல்றீங்களே மிஸ். நான் எதைக் கேக்கிற?"

தகட்டை அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் நானே மாட்டினேன், பின்பக்கம் வெளியே தெரிய. வெறுந்தகரம் வெயிலில் மின்னியது.

மத்தியானம் சேர் சாப்பிட வீட்டுக்குப் புறப்பட்டபோது கேற்றடியில் சைக்கிளை நிறுத்தினார். அப்போது அவரும் சைக்கிளில்தான். யன்னலால் எனக்கு எல்லாம் கேட்டது.

"சலீம், ஏன் இந்தத் தகடு திரும்பியிருக்குது?"

நான் எழுந்து வெளியே வருவதற்குள் காக்கா பதில் சொல்லிவிட்டார். "காத்துல திரும்பிட்டுது போல சேர். நான் கவனிக்கல்ல." சொல்லிக்கொண்டே தகட்டைப் பச்சைக்குத் திருப்பினார்.

சேர் முட்டாள் இல்லை. என் யன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, தகடு இனிக் காற்றுக்குத் திரும்பாதபடி சுற்றிவரச் சட்டம் அடிக்கச் சொன்னார். எந்தப் பக்கம் முன்னுக்கு என்பதைக் காலையில் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அந்தச் சட்டத்தை அடித்தவர் சலீம் காக்காதான். பலகை அளந்து, ஆணி அடித்து, தகடு ஆடாமல் இறுக்கமாக நிற்கிறதா என்று இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

"எனக்காக ஏன் பொய் சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"உங்களுக்குப் பென்ஷனுக்கு இன்னும் கொஞ்சக் காலந்தானே மிஸ். ஒரு தகரத்துக்காகச் சண்டை பிடிக்காதீங்க." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "எனக்கு நெஞ்சு இப்ப நல்லாத்தான் இருக்குது. பச்சை சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகும் சொன்னேன். ஒவ்வொரு காலையும் தகட்டைக் கொடுக்கும்போது, "எடுத்தீங்களா காக்கா?" என்று கேட்பேன். "ஓம் ஓம்" என்பார். அது எந்த ஓம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவரிடம் எல்லாம் இன்ஹேலர் கேட்டுப் பார்த்தேன். பாலையூற்றில் எங்கள் வீதியிலேயே தொய்வுக்காரர் பலர். ஒருவரிடமும் மிச்சம் இல்லை.

6. மிச்சம்

ஒரு காலை நான் போனபோது கேற்றடியில் மற்ற வாச்சர் நின்றார். அவருக்கு அன்று முறையில்லை.

"சலீம் காக்கா மௌத்தாகிட்டார் மிஸ். விடியத் தொழுகையோட அடக்கமும் முடிஞ்சுது."

இரவு முட்டு வந்திருக்கிறது. வீட்டில் முட்டு வந்த நேரம் இழுக்கிற நீல இன்ஹேலர் இருந்தது, அது கேட்கவில்லை. ஓட்டோக்காரர்களிடம் பெற்றோல் இல்லை. அறுவடைக்கென்று டீசல் வைத்திருந்த அயலவர் ஒருவர் லேண்ட்மாஸ்டர் என்கிற கைட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறார். அது எவ்வளவு வேகமாகப் போகும்? போய்ச் சேரவில்லை.

நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். ஏணியை யாரும் பிடிக்கவில்லை. சிலைட்டை மாற்றிக்கொண்டு வந்து சாயம் போட்டேன். காலைப் பட்டை வெள்ளை. கணக்குப் பச்சை. அன்றைக்குத் தகட்டைக் கொண்டுபோய் மாட்ட மாட்டேன் என்று சேரிடம் சொன்னேன். அவரே மாட்டினார்.

கணவன் இறந்த பெண் இத்தா இருக்கும் மாதங்களில் வெளியே வருவதில்லை. அதனால் காக்காவின் சாமான்களை எடுத்துக்கொண்டு நான்தான் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். ஒரு டோர்ச், ஒரு தேத்தண்ணிப் போத்தல், மடித்து வைத்த சாரம், தொப்பி. பஸ் ஏறுவதற்கே அரை நாள் போய்விட்டது. வழி நெடுகப் புல் பூத்திருந்தது. கையால் ஆட்டினால் மஞ்சளாகத் தூள் பறக்கும் அளவுக்குப் பூத்திருந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் மனைவி பரீதா உள்ளறையில் வெள்ளை உடுத்துப் பாயில் இருந்தார். சலீமைக் காக்கா என்று கூப்பிட்டுப் பழகியதால் இவரை, அக்கா என்ற பொருளில், ராத்தா என்றே கூப்பிட்டேன். சாமான்களை வாங்கித் தொப்பியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். யாரோ குசினியிலிருந்து பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு பரீதா ராத்தா பாயின் ஓரத்தைத் தூக்கி ஒரு சாமானை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறவுண் இன்ஹேலர்.

"இது இன்னும் இருக்குது மிஸ். பச்சை நாளையில எடுக்காம மிச்சம் பிடிச்சது. வேற ஆருக்கும் உதவுமெண்டா குடுங்க."

வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே மருந்து ஆடியது.

"அண்டைக்குப் போர்ட்ல என்ன நிறம்?" என்று கேட்டார்.

"பச்சை."

"அப்ப காத்து நல்லாத்தானே இருந்திருக்குது. பிறகு ஏன் அவருக்கு?"

"நல்லா இருந்ததெண்டு எங்களுக்குத் தெரியாது ராத்தா. காலமையில மெஷின் ஓடேல்ல. கரண்ட் இல்ல."

"தெரியாட்டி ஏன் பச்சை போட்டீங்க?"

சேரின் வலையமைப்பைப் பற்றியும் ஐந்து வருடத்தைப் பற்றியும் அந்தப் பாயடியில் உட்கார்ந்து நான் சொல்லவில்லை. "தெரியாததுக்குப் போட எங்களிட்ட ஒரு நிறம் இருக்கேல்ல" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "தேத்தண்ணி ஆறப் போகுது, குடிங்க மிஸ்" என்றார்.

7. சராசரி

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புல் மகரந்தம்தான் சலீம் காக்காவைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. புகையாக இருக்கலாம், அறுவடைத் தூசாக இருக்கலாம், சும்மா ஒரு சளியாகக்கூட இருக்கலாம். அன்று காலைக் காற்றில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. சேருக்கும் தெரியாது. தெரியாது என்ற அந்த ஒன்றைத்தான் நாங்கள் அவருக்குச் சொல்லாமல் விட்டோம்.

கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு கலண்டருக்கு வேலை நடந்தது. அந்த மாதங்களை நீக்கிவிடச் சொல்லிக் கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"அஞ்சு வருஷச் சராசரியில அது கரைஞ்சிடும் மிஸிஸ் தவமணி. பெரிய வித்தியாசம் வராது."

"அந்தப் பச்சையைப் பாத்துத்தான் சேர் சலீம் காக்கா மருந்தை மிச்சம் பிடிச்சவர்."

சேர் நெற்றியைத் தடவினார். அவருக்கும் துக்கம் இல்லாமல் இல்லை. அடக்கத்துக்குப் போக முடியாததைப் பலமுறை சொல்லி வருந்தியிருக்கிறார். "அது பெரிய கவலைதான். ஆனா அவருக்கு முந்தியே வருத்தம் இருந்தது" என்றார்.

"வருத்தம் உள்ள ஆக்களுக்குத்தானே சேர் போர்ட் மாட்டினனாங்கள்?"

கலண்டர் வழுவழுப்பான தாளில் அழகாக வந்தது. வெளியீட்டு விழா கூட்ட மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நடுவில் கரண்ட் போனது. ஒருவருக்கும் தெரியவே இல்லை, இன்வேர்ட்டர் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

8. கடைசி நாள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாயம் போடுவது, எண்ணுவது, புல்லையும் சவுக்கையும் பிரித்தறிவது எல்லாம் ஆறு மாதத்தில் கை வந்துவிடும். கைவராத ஒன்று இருக்கிறது. சிலைட் வெள்ளையாக இருந்தால், காற்று வெள்ளையா, மெஷின் நின்றுவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மெஷின் நின்றிருந்தால் பூச்சியம் எழுதாதீர்கள். வெறுமையாக விடுங்கள். பூச்சியம் என்று எழுதினால், அதை நம்பி ஒருவர் வீட்டில் மருந்தை மூடி வைப்பார். மேலிடத்தில் சண்டை பிடிக்க வேண்டி வந்தால் பிடியுங்கள். என்னைப் போல ஒரு நாள் தகட்டைத் திருப்பிவிட்டு நிறுத்தாதீர்கள்.

பென்ஷனில் போன நாள் மாலை, பிரியாவிடையும் பூங்கொத்தும் முடிந்து எல்லோரும் போன பிறகு கேற்றடிக்குப் போனேன். காக்கா அடித்த சட்டம் இன்னும் அசையாமல் இருந்தது. அன்று காலையிலிருந்து டவுன் முழுக்கக் கரண்ட் இல்லை, ஏதோ ட்ரான்ஸ்போமர் பழுது. சட்டத்திலிருந்த தகட்டைக் கழற்றித் திருப்பி, வெறுந்தகரம் வெளியே தெரியச் செருகிவிட்டு வந்தேன். அன்றைய காலைப் பட்டை வெள்ளையாகத்தான் வரும், ஆகவே அடுத்த நாளுக்கு அதுதான் சரியான நிறம்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. கந்தோர் வந்ததும் எட்டிப் பார்த்தேன்.

பச்சை.